மூணாவது கூப்பாடு

ஒரு ஊர்ல ஒரு சைக்கிள் கடை இருந்துச்சாம். கடைன்னா பெருசா ஒண்ணுமில்ல. மேல தகரக் கூரை, கீழ ஒரு பலகை, காத்தடிக்கிற பம்பு ஒண்ணு, பஞ்சர் பாக்கத் தண்ணி ஊத்தி வெச்ச இரும்புச் சட்டி ஒண்ணு. வாடகை சைக்கிள் ஆறு. ஆறுல ஒண்ணுக்கு பிரேக் பிடிக்காது, அதனால அஞ்சுன்னே வெச்சுக்கோ. கடைக்காரரு பேரு மாசிலாமணி. ம் சொல்லணும், ம் சொன்னாத்தான் கதை மேல போகும்.

ம்.

ஆங். கடைக்கு நேர் எதிர்த்தாப்ல அவரு வீடு. நடுவுல தெரு. இருபத்திரெண்டு அடி. அவரோட கடைசிப் பொண்ணு கோமு காலால அளந்து பாத்திருக்கா, அதனால தப்பா இருக்காது. வீட்ல அவரு பெண்டாட்டி ஆவுடை, மூத்த பொண்ணு பூரணம், நடுவுல பையன் சங்கரலிங்கம், கடைசியில கோமு.

தினமும் மத்தியானம் என்ன நடக்கும் தெரியுமா? ஆவுடை வாசல்ல வந்து நின்னு மெதுவா கூப்பிடுவா. "பூரணத்துக்கு அப்பா, சாப்பிட வாங்க."

"இதோ, ஒரே ஒரு பஞ்சர்!" அப்படீம்பாரு. டியூபத் தண்ணிக்குள்ள முக்குவாரு. புளுக் புளுக் புளுக்.

அப்புறம் ரெண்டாவது தடவ. "என்னங்க, சோறு போட்டாச்சு."

"வந்துட்டேன், சொலூஷன் காயட்டும்!"

அப்போ ஆவுடை உள்ள போவா. கரண்டியையும் சோத்துப்பானை மூடியையும் எடுத்துட்டு வருவா. டண் டண் டண்! தெரு முழுக்க ஜன்னல் தொறக்கும். "சோறு ஆறிப் போச்சு, குழம்பு ஆறிப் போச்சு, இந்த வீட்ல சூடா இருக்கறது நான் ஒருத்திதான்! இப்ப வாறீங்களா, இல்ல அந்த டியூபையே வதக்கித் தரட்டுமா?"

அப்போதான் வருவாரு. நடந்தா வருவாரு? இருபத்திரெண்டு அடி தூரத்துக்கு சைக்கிள் ஏறி வருவாரு. டிரிங் டிரிங், டிரிங் டிரிங்! பல்லு பூரா தெரியும். வந்து உக்காந்து, தட்டுல என்ன இருந்தாலும் முத வாயிலயே, "அடடா, இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல" அப்படீம்பாரு. தினமும் அதே பேச்சுதான். ஒரு நாளும் மாத்திச் சொன்னதில்ல.

ம்.

அப்புறம், கோமுவுக்குப் பதினோரு வயசு இருக்கும்போது ஒரு ஆடி மாசம் அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. நாலு நாள்தான். அஞ்சாம் நாள் அவரு இல்ல. என்ன, முகம் சுருங்குது? அழக்கூடாது. இது சிரிக்கிற கதை, பொறுமையாக் கேளு.

செத்துப் போனவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ திதி குடுப்போம்ல? அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சு, முதல்ல ஒரு இலையில காக்காவுக்கு வெப்போம். காக்கா வந்து சாப்பிட்டா, அவங்களே வந்து சாப்பிட்ட மாதிரி. அதுக்கப்புறம்தான் வீட்ல மத்தவங்க வாய் நனைக்கலாம். எட்டு வருஷம் எட்டு திதி. எட்டு தடவையும் ஆவுடைதான் சமைச்சா. சமைச்சுக்கிட்டே எல்லாரையும் ஏசுவா. "தேங்காய யாருட்டி இப்படித் துருவுனது? ஏல, தண்ணி எங்க?" சுவர் மேல இலைய வெச்சுட்டு, கரண்டியில ஒட்டுன சோத்தப் பானை மூடியில டண் டண் டண்ணு தட்டுவா. காக்கா சர்ருனு வந்துடும். எட்டு தடவையும் அப்படித்தான். யாரும் அதப் பத்தி யோசிச்சதில்ல.

ஒம்பதாவது வருஷம் திதிக்கு மூணு நாள் இருக்கும்போது, ஆவுடை குழாயடியில வழுக்கி விழுந்துட்டா. வலது மணிக்கட்டு வீங்கி, வெள்ளத் துணிக் கட்டு போட்டாச்சு. அப்போ கோமு சொன்னா, "இந்த வருஷம் அப்பாவுக்கு நான் சமைக்கிறேன்."

முழுச் சமையலையும் தனியா செய்யறது அவளுக்கு அதுதான் முதல் தடவ. நாலு மணிக்கு எந்திரிச்சா. வாழக்காப் பொரியல், அவரக்கா, பருப்பு, சாம்பார், ரசம், பாயசம், அப்பளம். எத்தன? ஏழு. எட்டுன்னு நெனச்சேன், இல்ல, ஏழுதான்.

திதிக்குப் பெரியப்பாவும் வந்துட்டாரு. அவரு மாசிலாமணிக்கு அண்ணன், எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வெச்சிருப்பாரு. "ஏம்மா ஆவுடை, வருஷா வருஷம் சொல்றேன், திதி நாள்ல வீட்ல சத்தம் ஆகாது. இந்த வருஷமாவது அடுப்படிப் பக்கம் போகாம, வாயத் தொறக்காம உக்காரு. அவன் தெய்வமா வர்ற நாளு" அப்படீன்னாரு. பாவம், ஆவுடையும் சரீன்னு நாற்காலியில உக்காந்துட்டா. வீடே கப்சிப்.

கோமு சத்தமே இல்லாம, கையாலயே அள்ளி வெச்சு, இலையச் சுவர் மேல வெச்சா. "கா... கா..." அப்படீன்னு கூப்பிட்டா. எதிர்த்த சைக்கிள் கடைத் தகரத்து மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. தலைய இந்தப் பக்கம் சாச்சுது. அந்தப் பக்கம் சாச்சுது. வரல.

கா மணி நேரம் ஆச்சு. அர மணி நேரம் ஆச்சு. பதினோரு பேரு பட்டினி. அம்மா, பூரணம் அக்கா, அத்தான், அவங்க ரெண்டு பிள்ளைங்க, சங்கரலிங்கம் அண்ணன், அண்ணி, பெரியப்பா, பெரியம்மா, கோமு. பத்துதான் வருது, இல்ல? அக்கா வயித்துல ஒண்ணு இருந்துச்சு, அதையும் சேத்துக்கோ.

பெரியப்பா வயிறு கடா முடா, கடா முடாங்குது. "ஏதோ குறை இருக்கு. இல்லேன்னா வராம இருக்குமா?" அப்படீன்னாரு. கோமு அடுப்படியத் திரும்பிப் பாத்தா. குறைன்னா அவ சமையல்தானே குறை? அப்பாவுக்கு அவ கைச் சோறு வேண்டாமா?

அப்போ பூரணம் அக்கா எந்திரிச்சா. "வடை இல்லாம அவரு எப்படி வருவாரு? அப்பாவுக்கு உலகத்துலயே பிடிச்சது நான் சுடுற வடைதான். எங்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லியிருக்காரு." அவ சுட ஆரம்பிச்சா. சொய்ங், சொய்ங். அஞ்சு வடை. இலையில வெச்சா. கா... கா... காக்கா தலையச் சாச்சுது. வரல.

அப்போ அண்ணன், "வடையா? அப்பாவுக்குப் பிடிச்சது நான் வாங்கிட்டு வர்ற கருப்பட்டி மிட்டாய். எங்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லியிருக்காரு" அப்படீன்னு சைக்கிள மிதிச்சான். கடகடகடன்னு போயி வாங்கிட்டு வந்து வெச்சான். கா... கா... காக்கா இறக்கையக் கோதிக்குது. வரல.

ம்.

அப்போ கோமு யோசிச்சா. எட்டு வயசுல ஒரு நாள் அவ ரசம் வெச்சா, உப்பு ரெண்டு தடவ விழுந்துடுச்சு. அப்பா அத உள்ளங்கையில ஊத்தச் சொல்லி, சர் சர்ருனு உறிஞ்சிக் குடிச்சுட்டு அவ காதுல சொன்னாரு, "உங்கக்காகிட்ட சொல்லிடாத, எனக்கு இந்த ரசந்தான் பிடிக்கும்." அத அவ வெளிய சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. "அடப்பாவி அப்பா! மூணு பேர்கிட்டயும் ரகசியமா?" அப்படீன்னா அக்கா. பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு.

கோமு ரசஞ்சோறு பிசைஞ்சு, கொஞ்சம் உப்புக் கூடவே போட்டு, கொண்டு போய் வெச்சா. கா... கா... கா... காக்கா அவளையே பாத்துச்சு. வரல.

அவ்வளவுதான். அவ சுவத்தோரம் உக்காந்து முந்தானையால கண்ணத் தொடச்சா. பாத்தா, உள்ள அம்மா வாய மூடிக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கா. ஒரு மத்தியானம் அப்பாகிட்ட கேட்டது சட்டுனு ஞாபகம் வந்துச்சு. "அப்பா, கூப்பிட்ட உடனே ஏன் வர மாட்டேங்கறீங்க?" அவரு பம்ப அடிச்சுக்கிட்டே சொன்னாரு, "முதல் தடவையே வந்துட்டா, உங்கம்மா மூணாவது தடவ பேசறத யாருட்டி கேக்கறது?"

கோமு ஒரே ஓட்டம். கரண்டி ஒரு கையில, பானை மூடி ஒரு கையில. "அம்மா, நீ கூப்பிடு!"

"உங்க பெரியப்பா..." அப்படீன்னு ஆவுடை இழுத்தா. ஆனா கால் தானா எந்திரிச்சுடுச்சு. மூடியக் கோமு பிடிச்சுக்கிட்டா, அம்மா இடது கையில கரண்டி. வாசல்ல வந்து நின்னா. முதல் தடவ மெதுவா, "பூரணத்துக்கு அப்பா, சாப்பிட வாங்க."

காக்கா ஒரு தத்து தத்துச்சு.

ரெண்டாவது தடவ. "என்னங்க, சோறு போட்டாச்சு."

காக்கா தகரத்து ஓரத்துக்கு வந்துடுச்சு.

"ஆவுடை, சத்தம் ஆகாது..." அப்படீன்னாரு பெரியப்பா.

"நீங்க சும்மா இருங்க, நான் உங்க தம்பியக் கூப்பிடுறேன்!" டண் டண் டண்! "ஒரே ஒரு பஞ்சர்னு போனவரு, ஒம்பது வருஷம் ஆச்சு! அங்க என்ன லாரி டயரா ஒட்டுறீங்க? சொலூஷன் இன்னுமா காயல? பிள்ள நாலு மணிக்கு எந்திரிச்சு ஒத்தக் கையா சமைச்சிருக்கா, பதினோரு பேரு வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க! சோறு ஆறிப் போச்சு, குழம்பு ஆறிப் போச்சு..." அந்த இடத்துல அவ குரல் உடைஞ்சுடுச்சு. ஆனா கரண்டி நிக்கல. டண் டண் டண்! "இப்ப வாறீங்களா, இல்லியா?"

சர்ர்ர்ர்! தெருவத் தாண்டி, இருபத்திரெண்டு அடியையும் ஒரே மூச்சுல தாண்டி, காக்கா வந்து இலை மேல உக்காந்துச்சு.

முதல்ல எத எடுத்துச்சு சொல்லு? வடையில ஒரு வாய். மிட்டாயில ஒரு வாய். ரசஞ்சோத்துல ஒரு வாய். கூடவும் இல்ல, குறையவும் இல்ல, ஆளுக்கு ஒண்ணு. அப்புறம் கா கா கான்னு ஊர்க் காக்காயெல்லாம் கூப்பிட்டுச்சு. ஒம்பது காக்கா.

"அடடா, இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல" அப்படீன்னு அண்ணன் அப்பா குரல்ல சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. கோமுதான் எல்லாரையும் விட நல்லாச் சிரிச்சா.

அப்புறம் ஆவுடை எல்லாருக்கும் இலை போடச் சொன்னா. "வாங்க, சாப்பிடலாம்" அப்படீன்னா. ஒருத்தரும் அசையல.

"சோறு போட்டாச்சு, வாங்க." அப்பவும் அசையல. பெரியப்பா, வயிறு கடா முடாங்குது, அவரும் அண்ணாந்து முகட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு.

ஆவுடை ஒவ்வொருத்தர் முகமாப் பாத்தா. அப்புறம் புரிஞ்சுது. கரண்டியத் தேடி எடுத்தா.

டண் டண் டண்!

கதை அவ்வளவுதான். உன்னையும் நான் மூணு தடவ கூப்பிட வெக்காத. தூங்கு. இது முதல் தடவ.

கண்ணு, தூங்கு. ரெண்டு ஆச்சு.

...ம் இல்ல. சரி, மூணாவது வேண்டியதில்ல.