தண்ணீரில் குறைந்த எடை

ஓர் உடம்புக்குள்ளே ஒரு சிறுநீரகம் ஒண்டியாகக் குடித்தனம் நடத்திவந்தது. கூடப் பிறந்த வலது சிறுநீரகம் கல்லடைத்துச் சுருங்கிப்போய் ஒரு வருஷமாகிறது. மிச்சம் இருந்தது இடது மட்டும்தான். அதுவும் படுத்துவிட்டால் ஆள் காலி.

அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் மாசிலாமணி, டவுன் பஸ் டிரைவர், நூற்று நாலு கிலோ. டாக்டர் அவரிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்: எடையைக் குறைக்கணும், தண்ணீர் நிறையக் குடிக்கணும். மனுஷன் முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, வரும் வழியிலேயே ஓர் எடை மெஷின் வாங்கிவந்தார்.

வாங்கிய அன்றே பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் செய்துவிட்டார். மனைவி செண்பகவல்லியைக் கூப்பிட்டு, "செம்பகம், இங்க பாரு! ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன், உடனே முக்கால் கிலோ ஏறுது. அப்போ என்னை இப்படி ஊத வச்சது இந்தத் தண்ணிதான்!" என்றார்.

அன்றோடு தண்ணீர் நின்றது. காலையில் அரை டம்ளர், மத்தியானம் ஒரு வாய். சோறு மட்டும் வழக்கம்போல இரண்டு தட்டு.

இடது சிறுநீரகத்துக்குத் திக்கென்றது. வந்து சேர்ந்த கொஞ்ச நீரும், உடம்பில் கொழுப்பு மிஞ்சியதால் அமிலமேறி, புளித்துக் கிடந்தது. புளித்த நீரில் உப்பு கரையாமல் மணல் மணலாக ஒதுங்கியது. அதன் நடுவே மிளகளவு கல் ஒன்று உட்கார்ந்து பெருத்துக்கொண்டிருந்தது.

"எந்திரிச்சுப் போயிரு" என்றது சிறுநீரகம்.

"நானாவா வந்தேன்? வளக்கிறவர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றது கல்.

சுற்றிலும் கொழுப்பு கால் நீட்டிப் படுத்திருந்தது. சிறுநீரகம் அதனிடம் கெஞ்சியது. "கொழுப்பண்ணே, நீங்க இருக்கிறவரைக்கும் இந்தப் புளிப்பு குறையாது. வாரத்துல ரெண்டு கிலோ போச்சுன்னு அவரு வெளிய குதிக்காரு. நீங்க எப்பக் கிளம்புறீங்க?"

கொழுப்பு கொட்டாவி விட்டது. "நானா? ஒரு இம்மிகூட நகரலையே தம்பி. போனது பூரா தண்ணி."

சிறுநீரகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்லியனுப்ப அதனிடம் இருந்த ஒரே ஆள் வலி. "ஓடு, எப்படியாவது அவருக்குப் புரிய வை!" என்று விரட்டியது. வலி முதுகில் ஏறி இடுப்பில் இறங்கிக் கத்தியது. மாசிலாமணியோ வாய்வுப் பிடிப்பு என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பஸ் எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை மெஷினில் ஏறினார். "செம்பகம்! நூத்தி ரெண்டுக்குக் கீழ வந்துட்டேன்!"

அந்த நேரம் பார்த்துக் கல் உருண்டது. உருண்டு போய்க் குழாய் வாயை அடைத்துக்கொண்டது. சிறுநீரகம் முட்டிப் பார்த்தது, தள்ளிப் பார்த்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. நீர் தேங்கத் தேங்க அது உப்பியது, மூச்சு முட்டியது. வலது போன வழி அதற்கு நன்றாகவே தெரியும். பயத்தில் அது அலறிய அலறலில் மாசிலாமணி மெஷின் மேலேயே மடங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அடைப்பை விலக்கினார்கள். பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினார்கள். மயிரிழையில் சிறுநீரகம் பிழைத்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் எடை பார்த்தாள். நூற்று நாலு. மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சே!"

செண்பகவல்லி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் திணித்தாள். "மொதல்ல இதைக் குடிங்க. தண்ணியக் குறைச்சு நீங்க கிழிச்சது போதும். இன்னையிலருந்து சோத்துக் கரண்டி என் கையில. வேலை முடிஞ்சா டெப்போவுலருந்து வீட்டுக்கு நடந்துதான் வரணும்."

உள்ளே கொழுப்பு முதன்முறையாகத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது.