சடையன் கத்துக்கிட்ட மூணு சத்தியம்

ஒரு ஊர்ல, மேலச்சுனைன்னு ஒரு ஊர்ல, சடையன்னு ஒருத்தன் இருந்தானாம். சிலம்பக் களத்துல நாலு வருஷமாக் கம்பு சுத்துறான், ஆனா கம்பு இவனைச் சுத்துதா, இவன் கம்பைச் சுத்துறானான்னு பாக்குறவங்களுக்குத் தெரியாது. அவன் தலையில அவனே போட்டுக்கிட்ட அடி எத்தனையோ. அவனுக்குத் தப்பில்லாம வந்தது ஒண்ணே ஒண்ணு. கம்பைத் தொடுறதுக்கு முன்னாடி மண்ணுல மூணு தட்டுத் தட்டி, மூணு சத்தியம் சொல்லணும். வெறுங்கையன் மேல ஓங்க மாட்டேன், பிடிக்கத் தெரியாதவன் மேல ஓங்க மாட்டேன், முதுகு காட்டினவன் மேல ஓங்க மாட்டேன். இதை மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவான்.

அந்த மேலச்சுனைக்கும் பக்கத்துல இருக்குற கீழச்சுனைக்கும் ஒரே நாட்டாமை, பேரு வல்லக்கண்டன். இடுப்புல எப்பவும் தாத்தா காலத்து வாள் ஒண்ணு தொங்கும். நாட்டாமை யாருன்னு முடிவு பண்ண மூணு வருஷத்துக்கு ஒருதரம் குடம் வைப்பாங்க, சனங்க வேணுங்கிறவன் பேரை ஓலையில எழுதிப் போடணும். இந்தத் தடவை கீழச்சுனைக்காரங்க உனக்குப் போட மாட்டோம்னுட்டாங்க. போடுவாங்களா பின்ன? மதகைத் தன் வயலுக்கு மட்டும் திறந்துவிட்டா யாருதான் போடுவா, நீயே சொல்லு.

களத்து வாத்தியாரம்மா பேச்சியக்கா, மக பிரசவத்துக்குப் போயிருந்தா. அந்த நேரம் பாத்து நாட்டாமை வந்தாரு. களத்துல படிக்கிறவங்கள்ல வயசுல மூத்தவன் சடையன்தான், அவனைக் கூப்பிட்டு, பயலுகளைக் கூட்டிட்டுப் போயி கீழச்சுனையில நாலு மண்டையை உடைச்சுட்டு வா, இல்லேன்னா இந்தக் களத்தைக் கழுதை பூட்டி உழுது எள்ளு விதைச்சுருவேன்னாரு. அந்தக் களத்தை விட்டா சடையனுக்கு வேற போக்கிடம் ஏது? அவனை ஆளா மதிச்ச இடம் அது ஒண்ணுதான். சரிங்கய்யான்னு கிளம்பிட்டான்.

போனானா, போயிப் பாத்தா, கீழச்சுனைச் சனம் பூராவும் நடவு நட்டுக்கிட்டு இருக்கு. எல்லாரு கையிலயும் நாத்து. நாத்து ஆயுதமா இல்லையான்னு பயலுகளுக்குள்ள பெரிய வாக்குவாதம். சடையன் வரப்புல நின்னுக்கிட்டு, உங்ககிட்டக் கம்பு கிம்பு இருக்கான்னு மரியாதையாக் கேட்டான். இல்லையேப்பான்னாங்க. அப்பச் சரின்னு திரும்பி வந்துட்டான்.

நாட்டாமைக்கு மூக்கு மேல கோவம். ஒரு வண்டி நிறையக் கம்பு ஏத்திவிட்டு, இதை அவங்க கையில குடுத்துட்டு அடிடான்னாரு. கொண்டுபோயி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. ஒரு தாத்தா வாங்கி ஊன்றிக்கிட்டாரு. ஒருத்தன் புளியங்கா உலுக்கப் போயிட்டான். உலகம்மையின்னு ஒரு கிழவி பக்கத்துல இருந்தவ கம்பையும் வாங்கி, ரெண்டையும் நட்டுச் சேலையைக் காயப்போட்டுட்டா. சடையன் தலையில கையை வச்சு உக்காந்துட்டான். திரும்பவும் வந்து, பிடிக்கத் தெரியலை ஐயான்னான். அப்பச் சொல்லிக் குடுத்துத் தொலை, குடம் வைக்க இருபது நாள்தான் இருக்குன்னாரு நாட்டாமை. அவசரத்துல அவருக்கு வாய் போன பக்கம் புத்தி போகலை.

அப்புறம் என்ன, சடையன் வாத்தியாரு ஆயிட்டான். காலையில போறான், சாயங்காலம் வாறான். கஞ்சி அங்கேயே, மோர் அங்கேயே. தன்னைவிட மக்கா இருக்குறவங்களுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லிக் குடுக்க, அவனுக்கே கம்பு படிஞ்சுருச்சு. உலகம்மை வீசுனா காத்து கிழியுது. சொல்லிக் குடுக்குறவன் எங்க ஆரம்பிப்பான்? சத்தியத்துலதான ஆரம்பிப்பான். மண்ணுல மூணு தட்டு, மூணு சத்தியம். ஊரே பாடமாக்கிருச்சு.

பத்தொன்பதாம் நாள் வந்துச்சு. இப்ப எல்லாரு கையிலயும் கம்பு இருக்கு, பிடிக்கவும் தெரியும். கஞ்சி ஊத்துன கையை எப்படி அடிக்க, அடிக்கலேன்னா களம் போயிருமே. கண்ணுல தண்ணி முட்ட, சடையன் சண்டைக்கு வாங்கன்னு கூப்பிட்டான். உலகம்மை அவனை ஏற இறங்கப் பாத்தா. பாத்துட்டுத் திரும்பி நின்னுட்டா. அவளைப் பாத்து ஊரே திரும்பி நின்னுருச்சு, கிழவன் கிழவி, குஞ்சு குளுவான் அம்புட்டும்.

"முதுகைக் காட்டிட்டோம்யா," சொன்னா உலகம்மை, அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே. "போகும்போது மோர் குடிச்சுட்டுப் போ."

சடையன் அடிக்காமத் திரும்பி வந்தானா, அன்னைக்கே நாட்டாமை கழுதையையும் ஏரையும் ஓட்டிக்கிட்டுக் களத்துக்கு வந்துட்டாரு. நடு மண்ணுல நின்னு வாளை உருவிக்கிட்டு, வீரமாடா படிச்சீங்க, என்னைப் பாருங்கடா, என் வாளுக்கு எட்டு ஊரு நடுங்கும்னு குதிக்கிறாரு. பயலுக எல்லாம் ஒதுங்கிட்டாங்க. சடையன் மட்டும் நிக்கிறான். விரலை மடக்கி என்னமோ எண்ணுறான். எண்ணி முடிச்சுட்டு மண்ணுல மூணு தட்டுத் தட்டினான்.

"ஐயா, உங்க கை வெறுங்கை இல்லை. பிடிக்கத் தெரியும்னு நீங்களே சொல்றீங்க. முதுகும் காட்டலை. இருபது நாளாத் தேடுனேன், ரெண்டு ஊர்லயும் மூணும் சரியா அமைஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."

நாட்டாமை கையில இருந்த வாள் தானாக் கீழ விழுந்துச்சு, வெறுங்கை ஆயிட்டாரு. எனக்குப் பிடிக்கவே தெரியாதுடா, அது எங்க தாத்தா வாளுடான்னு ஒத்துக்கிட்டாரு. அப்புறம் முதுகைக் காட்டிக்கிட்டு எடுத்தாரு பாரு ஓட்டம், தலப்பா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ஒருத்தரு தொடலை. மூணு சத்தியமும் மூணு பக்கம் நின்னு அவரைக் காப்பாத்திருச்சு.

மறுநாள் குடத்தை உடைச்சுப் பாத்தா அவரு பேருல ஒரே ஓலை. அது என்னுது இல்லேன்னுட்டா அவரு பொண்டாட்டி. புது நாட்டாமையா உலகம்மை வந்தா, மதகு ரெண்டு பக்கமும் திறந்துச்சு.

பேச்சியக்கா பேரனைப் பாத்துட்டுத் திரும்பி வந்தப்ப, களத்து வாசல்ல ஒருத்தரு வெத்தலை பாக்கோட நிக்கிறாரு. யாருங்கிற? வல்லக்கண்டன்தான். புதுசா சேருறவன் ஆறு மாசம் தண்ணி சுமந்து களத்து மண்ணை நனைக்கணும், அதுதான் அங்க வழக்கம். உழ வந்த அதே கழுதை மேல குடத்தை ஏத்தி அவரு தண்ணி கொண்டுவர, மண்ணை இன்னும் நல்லா நனைங்க ஐயான்னு சடையன் பணிவாச் சொல்லுவானாம்.

அடிக்கக் கத்துக்கிறதுக்கு ஆறு மாசம் போதும் கண்ணு, யாரை அடிக்கக் கூடாதுன்னு கத்துக்கிறவன்தான் வீரன். கம்பு மூலையில சாஞ்சாச்சு, கழுதை கொட்டாயில படுத்தாச்சு, கதையும் கண்ணை மூடியாச்சு, நீயும் மூடு.