பாதி ஓடிய ரோல்

“டீச்சர், இந்த ஃபிலிம் ரோலை உருவிக் குப்பையில போட்டுட்டுப் புதுசு மாட்டிக் கொடுங்க.”

பொன்னுலிங்கம் அண்ணாச்சி கேமராவை மேசைமேல் வைத்தார். தூத்துக்குடியில் ஜெரால்டின் டீச்சரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறவர்களில் அவர்தான் மூத்தவர். டீச்சருக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். ஆனால் டீச்சர் கையில் கேமரா ஏறிவிட்டால், எதிரே நிற்பது எப்பேர்ப்பட்ட ஆளானாலும் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

“பாதிதானே ஓடியிருக்கு, அண்ணாச்சி?”

“மக நிச்சயதார்த்தம். நான் பார்த்த மாப்பிள்ளை. மறுவாரமே அவ மனசுக்குப் பிடிச்சவனோட போயிட்டா. அன்னையில இருந்து கேமராவைத் தொடல. நாளைக்குப் பேரனைத் தூக்கிட்டு முதல் தடவையா வீட்டுக்கு வாறா. இந்தக் கண்றாவி இதுக்குள்ள இருக்கக் கூடாது.”

எத்தனை படம் ஓடியிருக்கிறது என்று டீச்சர் பார்த்துக்கொண்டார். அடிப்பக்கத்துப் பொத்தானை அமுக்கி, கேமராவைக் காதோடு வைத்து, ஃபிலிமைத் திரும்ப டப்பிக்குள் சுற்றும் பிடியை மெல்லச் சுழற்றினார்.

உள்ளே ஏதோ நழுவிய சத்தம். சட்டென்று நிறுத்திக் கேமராவின் பின்கதவைத் திறந்தார்.

ஃபிலிம் டப்பிக்குள் போயிருந்தது. நாக்கு மாதிரி அதன் நுனி மட்டும் வெளியே.

அடேயப்பா! அண்ணாச்சி சுற்றினால் நாக்கும் சேர்ந்து உள்ளே போய்விடும். தலைகீழாக நின்றாலும் வராது. இந்த மகராசிக்குக் காதிலும் கண் இருக்கிறது.

டப்பியை அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார் டீச்சர்.

“நாக்கைப் பிடிச்சு இழுங்க. வெளிச்சம் பட்டாப் போதும், எல்லாம் போயிரும்.”

அண்ணாச்சி பிடித்தார். இழுக்கவில்லை.

“அன்னைக்கு அவ முகமே சரியில்ல, டீச்சர். லென்ஸ் வழியா நல்லாத் தெரிஞ்சுது. ‘சிரிம்மா’ன்னுதான் சொன்னேன்.”

பிடித்த நாக்கை விட்டுவிட்டார்.

அண்ணாச்சியே அந்த ரோலைத் திரும்பக் கேமராவில் மாட்டினார். டீச்சர் உதவிக்கு வரவில்லை.

“இப்படியே படம் எடுக்கலாமா?”

“எடுத்தா பழைய படத்துல மக மேலயே பேரன் விழுந்திருவான். லென்ஸுக்கு மூடி போடுங்க. இருட்டுலயே ஒவ்வொண்ணா அமுக்கிச் சுத்துங்க. பழைய நம்பரைத் தாண்டி இன்னும் ஒண்ணு ரெண்டு.”

அமுக்கினார். சுற்றினார். ஒவ்வொரு ‘க்ளிக்’குக்கும் பட்டுச்சேலையில் மகள் வந்து நின்றாள். சிரிக்கச் சொல்லாமல் அவளைத் தாண்டிப் போனார்.

“போதும். மூடியை எடுங்க.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுரீரென்று கோபம் வந்தது.

“ஏன் டீச்சர், பழைய ரோலே திரும்ப உள்ள போயிருக்கு! பேசாம விட்டிருந்தா அதுபாட்டுக்கு அங்கேயே கிடந்திருக்குமே. இதுக்கா இந்தப் பாடு?”

“அப்ப அது மாட்டிக்கிட்டுக் கிடந்தது, அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “இப்ப நீங்க மாட்டினது.”