மாடி வீடு காட்டப் போனவள்

"எனக்கே ஒரு வீடு பிடிக்கத் துப்பில்ல. நான் எப்படிக்கா அடுத்தவங்களுக்கு வீடு பிடிச்சுக் குடுப்பேன்?"

எப்சிபா கேட்டாள். கேட்டாள் என்பதைவிட, சண்டைக்கு நின்றாள் என்பதே சரி.

சபூரா ஒரு பழைய பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ரியல் எஸ்டேட் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்களுக்கு சபூரா அங்கேதான் வகுப்பெடுத்தாள். எப்சிபாவைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். பேச்சு குறைவு. எப்சிபா கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். பேச்சுக்குக் குறைவே இல்லை.

"ஏட்டி எப்சி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றாள் உடன் படிக்கும் சுடலைவடிவு. "மனை விக்க வந்து எங்க உயிர வாங்குத."

"உனக்கென்னட்டி, சொல்லுவ. உனக்குப் போறதுக்கு வீடு இருக்கு."

சுடலைவடிவு நோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது உண்மைதான். சாயங்காலமானால் மற்ற பெண்களுக்காகக் கீழே யாராவது வண்டியோடு வந்து நிற்பார்கள். எப்சிபாவுக்காக யாரும் நிற்பதில்லை. அம்மா போன பிறகு அண்ணன் வீட்டை விற்றுவிட்டான். கல்லூரி விடுதியை வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு மூடுகிறார்கள். அதற்குள் இங்கே ஒரு இடம் அமையாவிட்டால் சாத்தூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். போனால் இந்தத் தொழில் அதோடு சரி.

"எத்தனை வீடு ஏறி இறங்கிட்டேன் தெரியுமாக்கா? எல்லாம் காலியாத்தான் கிடக்கு. உள்ள பல்லி குடியிருக்கு. பல்லிகிட்ட ஒரு கேள்வி கிடையாது. என்னைப் பார்த்ததும் மட்டும் ஊர்ல இல்லாத கேள்வி. தனியா இருக்கிற பொண்ணு வீடெடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? காட்டச் சொல்லுங்க பாப்போம்."

சபூரா பூட்டை அமுக்கிப் பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"தண்ணித்தொட்டித் தெருவுல ஒரு மாடி வீடு. நாலு மணிக்கு முப்பிடாதின்னு ஒருத்தி வருவா. பெட்ரோல் பங்க்ல வேலை. காட்டிட்டு வா."

"வீட்டு ஓனர் என்ன கண்டிஷன் போடுதாரு?"

"ஒண்ணும் இல்ல. அவர் துபாய்ல இருக்கார். யாருக்கு வேணும்னாலும் குடுன்னு எங்கிட்ட விட்டுட்டார்."

"அப்போ எனக்கே குடுங்களேன்!"

"ரெண்டு அறை வீடு. வாடகை ஒருத்திக்குத் தாங்காது."

"சரி, எந்தச் சட்டத்துலன்னு கேட்டேனே, அதுக்குப் பதில்?"

"நாலு மணிக்கு" என்றாள் சபூரா.

*

வெறும் வீடு.

எப்சிபா கற்றுக்கொண்டபடியே செய்தாள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். வாசற்படியில் ஒதுங்கி நின்று, வந்தவளை முதலில் உள்ளே விட்டாள். அவள் ஒரு சுற்று சுற்றி வரும்வரை வாய் திறக்கவில்லை.

முப்பிடாதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பங்க் சீருடையிலேயே வந்திருந்தாள். லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தது. சுவரைத் தட்டிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள்.

"காத்து நல்லா வருது" என்றாள். அவள் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சிரித்துவிட்டாள். "நம்ம ரெண்டு பேர் பேசுதது நாலு பேர் பேசுத மாதிரில்லா இருக்கு!"

எப்சிபாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் மதிப்பு போய்விடும் என்று அடக்கிக்கொண்டாள். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி வரும்."

"நீ எங்க பிள்ள தங்கியிருக்க?"

"ஹாஸ்டல்லக்கா."

"அதை மூடுதாங்களாமே. நான் என்ன நெனச்சேன்னா..."

"அது கிடக்கட்டும்கா." எப்சிபா தொழிலுக்கு வந்துவிட்டாள். "வீட்டுல எத்தனை பேர் இருப்பீங்க?"

முப்பிடாதி அவளை ஒரு கணம் பார்த்தாள்.

"இப்பதைக்கு நான் ஒருத்தி."

"சார் எங்க இருக்காங்க?"

"சார் இல்ல."

"இல்லன்னா? வெளியூரா?"

"இல்லன்னா இல்ல."

"வேலை முடிஞ்சு வர எத்தனை மணியாகும்?"

"ஷிப்ட்டப் பொறுத்து."

"ஆம்பளைங்க யாரும் வந்துபோவாங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

முப்பிடாதி குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் வீடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"தண்ணி நல்லாத்தான் வருது" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

எப்சிபா ஒவ்வொரு ஜன்னலாக மூடினாள். ஒவ்வொன்றும் மூடும்போது ஒரு சத்தம் எழுந்து, அறை அறையாகப் போய்த் திரும்பி வந்தது. பேச ஆளில்லை.

*

"வேண்டாம்னு போன் பண்ணிட்டா" என்றாள் சபூரா.

"நான் எல்லாம் முறையாத்தான் செஞ்சேன்! ஜன்னல் திறந்தேன். குழாய் காட்டினேன். வேணும்னா அவங்ககிட்டயே கேளுங்க."

"என்ன கேட்ட?"

"வழக்கமா கேக்கறதுதான்." எப்சிபா வரிசையாகச் சொன்னாள். எத்தனை பேர். சார் எங்கே. வர எத்தனை மணியாகும். ஆம்பளைங்க.

சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"இதெல்லாம் நான் எப்போ உனக்குக் கத்துக்குடுத்தேன்?"

எப்சிபா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

வீடு தேடிப் போன அவளிடம் எத்தனை பேர் என்று கேட்டது தபால் ஆபீசுக்கு எதிர்வீட்டு அம்மா. சார் எங்கே என்று கேட்டது ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். எத்தனை மணிக்கு வருவாய் என்று உள்ளேயிருந்தே கேட்டது அவர் மனைவி. ஆம்பளைங்க வருவாங்களா என்று கேட்டுவிட்டு, தப்பா எடுத்துக்காதம்மா என்று எல்லாருமே சொன்னார்கள். அந்தந்த வீட்டுப் படியிறங்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒரு வார்த்தை மாறவில்லை.

கீழே வண்டிகளின் ஹார்ன் கேட்டது. சுடலைவடிவும் மற்றவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

எப்சிபாவால் சும்மா இருக்க முடியவில்லை. "சரி, நான் கேட்டது தப்புன்னே வைங்க. அந்த வாடகைய அவங்க ஒருத்தியா எப்படிக் கட்டுவாங்க? பங்க் சம்பளம் காணுமா? அதையும் பாக்கணும்லா?"

"அவ ஒருத்திக்குப் பாக்கல. ரெண்டு பேரா எடுக்கறதாத்தான் பேச்சு."

"ரெண்டாவது ஆள் யாரு?"

"வீடு காட்டப் போனவ."

எப்சிபா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதை முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருந்தா, நான் அவங்ககிட்ட அப்படிக் கேட்டிருப்பேனாக்கா?"

"அவகிட்டக் கேட்டிருக்க மாட்ட" என்றாள் சபூரா. "அடுத்து வர்றவகிட்டக் கேட்டிருப்ப."