அள்ளாத படி

நீதான் செய்தாய். கைகூட வைக்கவில்லை, பக்கத்தில்கூட நிற்கவில்லை என்று சாதிப்பாய். அதுவும் எனக்குத் தெரியும். உன் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் நியாயம் தீர்க்கட்டும். நீயும் ஒரு மூலையில் நின்று கேள்.

கனடாவில், ஸ்காபரோவில், லோசினி வீட்டு வாசலுக்கு நாலு படி. பனிக்காலம் வந்தால் அந்தப் படிகளும் முன்னாலுள்ள கார்ப்பாதையும்தான் அந்த வீட்டின் சண்டைக்களம். விடிய எழும்பிச் சவளால் பனியை அள்ளி முதுகை நிமிர்த்தினால், தெருவைத் துப்புரவாக்கும் வண்டி வந்து தெருப்பனி முழுவதையும் பாதையின் வாயில் குவித்துவிட்டுப் போகும். உப்புப் போட்டால் கால் சப்பாத்தில் ஒட்டி வீட்டுக்குள் வரும், போடாவிட்டால் வழுக்கும். கடைசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கார்ப்பாதை லோசினியின் மகன் பொறுப்பு. படிகளும் பக்கக் கதவு வழியும் பேஸ்மென்டில் குடியிருக்கும் யூட்டின் பொறுப்பு. பதிலுக்கு அவனுக்குக் கார் நிறுத்த இடம்.

ஒருநாள் காலை மகன் ஒருமுறை அள்ளிவிட்டுப் படுத்துவிட்டான். வண்டி வந்து மறுபடி குவித்தது. தகப்பன் இரத்தினசோதி வேலைக்குப் போகும் அவசரத்தில் அவனுடைய அறைக் கதவைத் தட்டினார், தட்டினார், உடைக்கிற மாதிரித் தட்டினார்.

“நான் உங்களுக்கு மகனோ, சவளோ?” என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தான் அவன்.

“சவள் எண்டால் சொன்ன இடத்தில நிக்கும்” என்றார் தகப்பன். சொல்லிவிட்டுப் பக்கக் கதவால் வேலைக்குப் போய்விட்டார்.

மேற்கே மலைப்பக்கத்துக் கல்கரி நகரில் ஒரு வேலைக்கு வரச்சொல்லி மகனை முன்பே கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவுக்காகத் தள்ளிப்போட்டு வந்தவன், அன்றே விமானத்துக்குப் பதிந்து, பையை அடுக்கி, நண்பனின் காரை வரவழைத்துவிட்டான். வாசலில் நின்று “போறன்” என்றான்.

“போறன் எண்டு சொல்லாதை, ராசா. போட்டுவாறன் எண்டு சொல்லு. போய் இறங்கினதும் ஒரு ஃபோன் கோல் எடு” என்றாள் லோசினி.

அவன் பையைத் தூக்கினான். புதுப்பனி விழுந்த நாலு படியிலும் நடுவால் இறங்கிப் போனான். படிக்கு ஓர் அடித்தடம்.

கார் திரும்பியதும் யூட் சவளோடு வந்தான். லோசினி குறுக்கே நின்றாள். ஒருவர் பயணம் புறப்பட்ட கையோடு வாசலைக் கூட்டக்கூடாது. போனவர் போய்ச் சேர்ந்த சேதி வரவேண்டும். பிணம் போன பிறகுதான் உடனே கூட்டுவார்கள். அவளுக்கு வாசலில் கிடப்பது குப்பையானாலும் ஒன்று, பனியானாலும் ஒன்று.

“அக்கா, ஸ்நோவுக்குச் சாத்திரம் தெரியுமோ? உறைஞ்சால் உது கண்ணாடி” என்றான் யூட். அவள் அசையவில்லை. வீட்டுக்காரி வேண்டாம் என்ற பிறகு அவனுக்கென்ன? சவளைக் கதவோரம் சாத்திவிட்டு, பக்க வழியைச் சுத்தமாக அள்ளி உப்பும் போட்டான்.

கோல் வரவில்லை. பின்னேரம் மழை தூறி, இரவில் எல்லாம் இறுகியது. லோசினி அரிசி கழுவும்போதும் ஃபோனை இடுப்பில் செருகியிருந்தாள். இவள் அவனுக்கு எடுத்தால் மணி அடித்து அடித்து நின்றது. இரத்தினசோதி பக்கக் கதவால் வந்தார், சாப்பிட்டார், விடியப் பக்கக் கதவாலேயே போனார்.

அன்று பின்னேரம் வேலையால் வந்தவர், என்ன நினைத்தாரோ, முன்வாசலுக்குப் போனார். தொப்பென்ற சத்தம் கேட்டு லோசினி கதவைத் திறந்தபோது கீழே கிடந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. நாலு படியிலும் மகனின் தடம் சிதையாமல் அப்படியே உறைந்து கிடந்தது. எப்போதும் படியின் நடுவால் ஏறுகிற மனிதர். அவருடைய சப்பாத்து வழுக்கிய கோடு படியின் விளிம்பில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டார்: “பெடியன்ரை அடி அழிஞ்சு போச்சோ?”

யூட் அழுதுகொண்டு தன் ஃபோனை லோசினியிடம் நீட்டினான். மலையடிவாரத்தில் மகன் சிரித்துக்கொண்டு நின்றான். போன அன்றைக்கே உலகத்துக்கெல்லாம் போட்ட படம். முன்பே அதைப் பார்த்த யூட், வீட்டுக்கும் சொல்லியிருப்பான் என்று நினைத்துவிட்டான். அவள் நெடுநேரம் பார்த்தாள். “இந்தக் குளிருக்குக் கழுத்துக்கு ஒண்டும் சுத்தேல்லை” என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் யூட் சவளை எடுத்தான். மறுபடி மறித்தாள்.

“படம் ஊருக்குப் போட்டது, தம்பி. எனக்கு அவன் இன்னும் சொல்லேல்லை.”

இப்போது சொல்லுங்கள். அள்ளவிடாமல் மறித்த தாயா, கண்ணாடியாகும் என்று தெரிந்தும் சவளைச் சாத்திய யூட்டா, உப்புப் போட்ட வழி இருக்க உறைந்த படியில் கால் வைத்த தகப்பனா? இந்த மூவரில் பிழை யாருடையது?

விடை: மூவரில் தேடினால் கிடைக்காது. யூட் தன் பேச்சில் நின்றான். வேண்டாம் என்றது வீட்டுக்காரி. அவள் மறித்தது ஒரு சேதி வரும்வரைக்கும்தான். அந்த மனிதர் விழுந்தது வழுக்கியதால் மட்டுமல்ல. உன் அடியை மிதிக்காமல் ஒதுங்கி ஏறியதால் விழுந்தார். மூன்று பேரும் உன் ஒரு சொல்லுக்காக அந்த நாலு படியைப் பங்குபோட்டுக் காத்திருக்கிறார்கள், நீ மலைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். வியாழக்கிழமை அவரைத் தள்ளுகிற சில்லு நாற்காலியில் கொண்டுவரப்போகிறார்கள். பக்கக் கதவு ஒடுக்கம், முன்படியால்தான் தூக்கவேண்டும். மன்னிப்பெல்லாம் பிறகு பார்க்கலாம். சவள் இன்னும் கதவோரம், சொன்ன இடத்தில் நிற்கிறது. ஃபோனை எடு. “வந்து சேர்ந்திட்டன், அம்மா” என்று உன் வாயால் சொல். அவள் அந்தப் படியை அள்ளட்டும்.