சராசரிக்குச் சுத்தமான கோட்டு

தென் அமெரிக்காவில் ஒரு சின்ன கால்பந்து கிளப்பின் ஜெர்சிகளை நுரையில் கசக்கிக்கொண்டிருந்தாள் தோமாசா; அவள் கைக்குழந்தை உள்ளே தூங்கியது. இந்த வருஷம் லீக் பட்டியலில் கடைசியாக வந்தது ஒரு பணக்கார கிளப்தான். ஆனால் லீக் தலைவர் எவரிஸ்தோ மூன்று வருஷப் புள்ளிகளின் சராசரி பார்த்து, பூட்ஸுக்கும் காசில்லாமல் முந்தைய வருஷங்களில் தோற்ற இந்தச் சின்ன கிளப்பைக் கீழ் லீக்குக்குத் தள்ளப் போகிறார். தள்ளினால் கிளப்பையே பூட்ட வேண்டியதுதான்.

அதை அறிவிக்க கிளப்புக்கு வந்த எவரிஸ்தோ, டிவிக்காரர்கள் முன்னாலேயே சேற்றில் வழுக்கி விழுந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தோமாசாவிடம் வீசினார்.

"ஏ பொம்பளை, உடனே சுத்தமாக்கு!"

தோமாசா அதைச் சேற்றோடே அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "முந்தாநாள் சுத்தம், நேத்தும் சுத்தம். சராசரிக்குச் சுத்தந்தானுங்க, போட்டுக்குங்க."

"கிறுக்கா உனக்கு? இன்னைக்கு எப்படியிருக்குன்னுதானே பாக்கணும்!"

"அப்ப இந்த வருஷம் கடைசியா வந்தது யாருங்கய்யா?"

மைக்குகளெல்லாம் அவர் வாயருகே நீண்டன. "கடைசியா வந்தவங்களே... கீழ போவாங்க."

தோமாசா கை நீட்டினாள். "இப்பக் குடுங்க, பளிச்சுன்னு துவைச்சு—"

"தோமாசா, பாப்பா முழிச்சிட்டா!" என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, கோட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.