வேர் விட்டிருக்கிறதா?

ஜமீன்தார் ஆலங்கிளையை வெட்டிப் போத்தாக நட்டார். தைக்குள் அது துளிர்க்காவிட்டால் தோட்டக்காரி சடைச்சி குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்றார். அவள் நுனியில் சாணி அப்பித் தண்ணீர் ஊற்றினாள். அவரோ தினமும் வந்து, வேர் விட்டிருக்கிறதா என்று போத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டார்.

தைக்குள் போத்து பட்டுப்போனது.

"ராசியில்லாத கை! குடிசையைப் பிரிங்கடா."

சடைச்சி குடிசையின் மூலையில் ஊன்றியிருந்த மரக்காலின் அடியில் மண்ணை விலக்கினாள். வெள்ளை வெள்ளையாக வேர்.

"இதுவும் அதே மரத்துக் கிளைதான் சாமி. இதை மட்டும் யாரும் பிடுங்கிப் பாக்கல."

ஆட்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். ஜமீன்தார் குனிந்து பார்த்தார்.

"அப்படியா? நாலு காலையும் பிடுங்குங்கடா, பாக்கலாம்."

பிடுங்கினார்கள். நாலிலும் வேர் இருந்தது. கூரை தரையில் கிடந்தது.